வீட்ல ஆள் இருக்கா

எங்க செண்பகத்தோட்டம் குடியிருப்புல, வீட்டுல ஒருத்தர்கூட இல்லாம எல்லாரும் ஒண்ணா வெளிய போயிட்டா, திரும்பி வர்றப்போ அந்த வீடு இருக்காது, கதவு இருந்த எடத்துல செவுருதான் இருக்கும். இத ஏதோ பேய்க்கதை மாதிரி நான் சொல்ல வரல. தண்ணி லாரி வாரத்துக்கு ரெண்டு தடவதான் வரும், லிஃப்ட் தெறப்பு விழா அன்னிக்கு ஓடினதோட சரி, சாக்கடை மூடியத் தள்ளிக்கிட்டு மேல வந்து தரைவீட்டுக்காரங்க அடுப்படி வரைக்கும் போகும், ஆளில்லாத வீடு செவுராப் போயிடும், இதெல்லாம் எங்களுக்கு ஒரே வரிசையில வர்ற சமாச்சாரம். பேருதான் செண்பகத்தோட்டம், அங்க மொளச்ச ஒரே செடி மொட்டமாடித் தொட்டி வெடிப்புல வந்த அரசங்கன்னுதான்.

நாங்க ஊருக்குள்ள ஆத்தங்கரையில குடிசை போட்டு இருந்தவங்க. ஒரு நாள் காலையில லாரியக் கொண்டாந்து நிறுத்தி, சட்டி பானையோட ஏத்தி, முப்பது கிலோமீட்டர் தள்ளி, ஏரிய மண்ணு கொட்டி மேடாக்கின எடத்துல எறக்கி, சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒரு சாவி கொடுத்தாங்க. எனக்கு விழுந்தது பதினாலாம் பிளாக், மூணாவது மாடி, நாலாம் நம்பர். பொழப்பெல்லாம் பழைய எடத்துலயே இருந்ததால விடிஞ்சதும் மொத்த சனமும் பஸ் ஏறிடும், பகல் பூரா கதவுல பூட்டுதான் தொங்கும். வீடு கொடுத்த ஆபீஸ்லருந்து சரிபாக்க வர்றவங்க பகல்லதான வருவாங்க. வந்தாங்க, பூட்டின கதவுல எல்லாம் சாக்பீஸால ஒரு பெருக்கல் குறியப் போட்டாங்க, 'பூட்டியிருக்கும் வீடு தேவையற்ற வீடாகக் கருதப்படும்'னு படிக்கட்டுல நோட்டீஸ் ஒட்டினாங்க. அவங்க என்னவோ காகிதத்துலதான் கருதினாங்க, வீடுங்க அத நெசம்னு எடுத்துக்கிச்சு. அதுக்கு மேல இதுக்குக் காரணம் என்னன்னு கேட்டா எனக்குத் தெரியாது.

எங்க மாடியில மொதல்ல போனது கடைசி வீடு, பத்தாம் நம்பர், ஆட்டோ ஓட்டுற மஸ்தான் பாய் வீடு. தங்கச்சி பொண்ணுக்கு நிக்காஹ்னு ஆறு பேரும் வாணியம்பாடி போயிட்டு, மூணாம் நாள் மத்தியானம் பிரியாணிப் பொட்டலத்தோட வந்து மாடி ஏறினா, ஒன்பதாம் நம்பர் கதவுக்கு அப்பால செவுரு. புதுச் செவுருகூட இல்ல, பல வருஷமா அங்கயே நின்ன மாதிரி பாசி புடிச்சு, ஈரம் ஊறி, நடுவுல ஒரு பல்லி. அவரு சம்சாரம் நூர்ஜஹான் சாவியக் கையில வச்சுக்கிட்டு அந்தச் செவுத்தத் தடவித் தடவிப் பூட்டத் தேடுச்சு. நாங்க கூடி நின்னு பாத்தோம், அப்புறம் யாரோ "புள்ளைங்க கால் கடுக்க நிக்குது பாரு"ன்னு சொன்னாங்க, ஆளுக்கொரு போர்வையும் தலகாணியும் கொண்டாந்து நடையில விரிச்சோம். ஆபீஸ்ல போய்ச் சொன்னதுக்கு, ஏஈ சார், அதான் அங்க இருக்கற இன்ஜினியரு, வந்து வரைபடத்த விரிச்சுப் பாத்துட்டு, "இந்த மாடியில ஒன்பது வீடுதானே, பத்தாம் நம்பர்னு ஒண்ணு கெடையவே கெடையாதே"ன்னாரு. நானே எட்டிப் பாத்தேன், வரைபடத்துலயும் அந்த எடத்துல செவுருதான் போட்டிருந்துச்சு. பாய் குடும்பம் ஒரு வாரம் நடையில படுத்திருந்துட்டு வாணியம்பாடிக்கே போயிடுச்சு.

அதுக்கப்புறம் நாங்க பழகிட்டோம். செவிடன் காதுல எத்தன நாள் சங்கு ஊதுறது, பழக வேண்டியதுதான். ஒருத்தர ஒருத்தர் பாத்தா 'சாப்ட்டியா'ன்னு கேக்கறது போயி 'வீட்ல ஆள் இருக்கா'ன்னு கேக்கற வழக்கம் வந்துச்சு, பஸ்ல பாதி வழியில எவளாவது நெஞ்சப் புடிச்சுக்கிட்டு எழுந்து நின்னா அவ வீட்டுல ஆள விட்டோமா இல்லியான்னு சந்தேகப்பட்டு நிக்குறான்னு கண்டக்டருக்கே தெரிஞ்சிடும், பொண்ணு பாக்க வர்றவங்க எத்தன பவுன் போடுவீங்கன்னு கேக்கறதுக்கு முன்னாடி வீட்டுல எத்தன பேருன்னு கேட்டாங்க, பெத்த அப்பனுக்குக் கொள்ளி வைக்கப் போனவனுங்ககூட பொண்டாட்டிய வீட்டுல ஒக்கார வச்சுட்டுத்தான் போனானுங்க. ஆறாம் நம்பர் பத்மாவதி, குடிகாரப் புருஷன வெளக்கமாத்தால சாத்தித் தொரத்தினவ, ஒயின்ஷாப் வாசல் வாசலாத் தேடிப் போயி அவனத் திரும்பக் கூட்டிட்டு வந்தா. கேட்டதுக்கு, "குடிச்சிட்டு மல்லாந்து கெடந்தாலும் மூச்சு மூச்சுதானக்கா"ன்னா. அவன் அன்னிலருந்து மீசைய முறுக்கிட்டுத் திரிஞ்சான், காபி வேற கேட்டான்.

ஏமாத்திப் பாத்தவங்களும் உண்டு. ஒன்பதாம் பிளாக்ல ஒருத்தர் கோழிய உள்ள விட்டுப் பூட்டிட்டுப் போனாரு, கோழியும் போச்சு வீடும் போச்சு. இன்னொருத்தர் நாற்காலிக்குச் சட்ட மாட்டி, உள்ள தலகாணி வச்சு, டிவியச் சத்தமா ஓடவிட்டுட்டுப் போனாரு, வீடு ஏமாறல. ஆனா அதே பிளாக்ல எட்டு மாசக் கொழந்தைய தூளியில போட்டுட்டு ரேஷனுக்குப் போனவ வீடு அப்படியே நின்னுச்சு. அது தெரிஞ்ச மறுநாளே புள்ளைங்கள உள்ள வச்சு வெளிய பூட்டிட்டுப் போற பழக்கம் எங்க எல்லாருக்கும் வந்துச்சு.

எனக்கும்தான். என் பேரு நவநீதம், ஊருக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில டாய்லெட் கழுவுற வேலை. என் வீட்டுக்காரர் வேற குடும்பம் பாத்துக்கிட்டுப் போய் ஆறு வருஷமாச்சு, வீட்டுல நானும் என் பொண்ணு மோனிஷாவும்தான். நான் வேலைக்குப் போனா அவ இருக்கணும், அவ பள்ளிக்கூடம் போனா நான் இருக்கணும், நான் இருந்தா ஒல கொதிக்காது. அதனால ஏழாவது படிக்கிற புள்ளைய நான்தான் நிறுத்தினேன். சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, ஆனா நான்தான் நிறுத்தினேன். அவ அழல, "எத்தன நாளைக்கும்மா"ன்னு மட்டும் கேட்டா.

எங்க வீட்டுக் கூரையப் பத்தியும் சொல்லணும். மேல்மாடிக் கக்கூஸ்லருந்து தண்ணி எறங்கி எறங்கி, சிமிட்டு உப்பிப் போயி, கம்பியெல்லாம் துருவேறித் தெரியும், ஒண்ணு விட்டு ஒரு நாள் ஒரு பாளம் பேந்து விழும். எழுதிக் கொடுத்துக் கொடுத்து என் கையெழுத்தே அழகாயிடுச்சு, ஒருத்தரும் வரல. மோனிஷா எவர்சில்வர் குண்டானத் தலையில கவுத்துக்கிட்டு, அதுக்குள்ளருந்து மூஞ்சிய நீட்டி, பழைய பாடப் புஸ்தகத்தப் படிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கும். எனக்கோ வீடு போயிடுமோன்னு ஒரு பயம், அந்த வீடே அவ மேல விழுந்துடுமோன்னு ஒரு பயம். ரெண்டு பயத்தையும் சுமந்துக்கிட்டுத்தான் பஸ் ஏறுவேன், எறங்குவேன், சாயங்காலம் மூணு மாடி ஏறி அந்தக் கதவக் கண்ணால பாத்து, பூட்டத் தெறந்து, அவ "வந்துட்டியா"ன்னு கேக்கற வரைக்கும் செருப்பக்கூடக் கழட்ட மாட்டேன்.

அப்பதான் ஆரோக்கியம் அண்ணன் செத்தாரு. ஒண்ணாம் நம்பர், படிக்கட்ட ஒட்டின வீடு. நெஞ்சுல சளி கட்டி, படுத்த படுக்கையாக் கெடந்தாலும் மூச்சு இருந்துச்சு, அதனால வீடும் இருந்துச்சு. அவரு சம்சாரம் லூர்தக்கா ரெண்டு கொடத்தோட கீழ லாரிக்கு வரிசையில நின்னப்போ மேல அவரு மூச்சு நின்னுடுச்சு. ரெண்டு கொடமும் தளும்பத் தளும்ப மூணு மாடி ஏறி வந்தா, செவுரு. உள்ள அவரு. எனக்கு அடுத்த வீட்டு அஞ்சாம் நம்பர் தணிகாசலம், கொத்தனாரு, கடப்பாறைய எடுத்துக்கிட்டு ஓடி வந்து இடிச்சாரு. ஒரு செங்கல்ல எடுத்தா அதுக்குப் பின்னாடி ஒரு செங்கல், அத எடுத்தா இன்னொண்ணு, பொழுது சாயற வரைக்கும் இடிச்சும் செங்கல்லு வந்துக்கிட்டே இருந்துச்சே ஒழிய வீடு வரல. ஃபாதர் வந்து செவுத்தப் பாத்து ஜெபம் பண்ணிட்டுப் போனாரு, நாங்க ஆணியடிச்சு மாலை போட்டோம். லூர்தக்கா கீழ படிக்கட்டுக்கு அடியில சாக்கக் கட்டிக்கிட்டு அங்கயே இருக்க ஆரம்பிச்சாங்க. "நான் தண்ணிக்குப் போயிருக்கக் கூடாது நவநீதம்"னு என்னைப் பாக்கறப்பெல்லாம் சொல்லுவாங்க.

அந்த சாவு எங்க மாடியவே ஆட்டிடுச்சு. மிச்சம் எட்டு வீடு, எட்டு வீட்டுலயும் தூங்குற புருஷன் மூக்குக்கிட்ட கைய வச்சுப் பாக்காத பொம்பள கெடையாது. தணிகாசலம் மட்டும் நாலு நாள் யோசனையாவே இருந்துட்டு, அஞ்சாம் நாள் உளியும் சுத்தியுமா எங்க வீட்டுக் கதவத் தட்டினாரு.

"இன்னாம்மா, உன் வூட்டுக்கும் என் வூட்டுக்கும் நடுவுல ஒரு செவுருதான? ஆள் நொழையற மாதிரி ஒரு ஓட்டைய போட்டுட்டா மூச்சு இங்கயும் போவும் அங்கயும் போவும். அப்போ ரெண்டும் ஒரு வூடுதான? ஒரு ஆள் போதும்ல?"

"கட்டடத்துக்கு ஒண்ணும் ஆவாதே அண்ணா?"

"நான் முப்பது வருசமா கொத்து வேல பாக்கறேன். ஒரு ஓட்டைக்கு இன்னா ஆவும்?"

ஓட்டைய போட்டு முடிச்சதும், பொண்டாட்டி புள்ளையோட அவரு நடைக்கு வந்து நின்னுட்டாரு, அவரு வீட்டுல ஒருத்தரும் இல்ல. எங்க வீட்டுல மோனிஷா மட்டும் ஓட்டைக்குப் பக்கத்துல குண்டானக் கவுத்துக்கிட்டு ஒக்காந்திருந்தா. மாடியே திரண்டு நின்னு அஞ்சாம் நம்பர் கதவையே பாத்துச்சு, தணிகாசலம் சம்சாரம் கண்ண இறுக்கி மூடிக்கிட்டு முருகா முருகான்னுச்சு. அரை மணி நேரமாச்சு, ஒரு மணி நேரமாச்சு, கதவு நின்னுச்சு. தணிகாசலம் துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டாரு, அவரு சிரிச்சு நான் பாத்தது அன்னிக்குத்தான்.

ஒரே வாரத்துல எட்டு வீட்டுக்கும் நடுவுல ஏழு ஓட்ட. காத்து நேராப் போகட்டும்னு ஏழையும் ஒரே கோட்டுல போட்டாரு, ரெண்டாம் நம்பர்ல குனிஞ்சு பாத்தா ஒன்பதாம் நம்பர் அடுப்பு தெரியும். நடுவுல அஞ்சாம் நம்பர்ல ஒரு ஆள் ஒக்காந்தா எட்டு வீட்டுக்கும் காப்பு. செவுத்துல கரியால முறை எழுதினோம், எட்டு நாளைக்கு ஒரு தடவ ஒரு குடும்பம் ஆள் தரணும், மத்த ஏழு நாளும் விட்டு விடுதலை. மோனிஷா பள்ளிக்கூடம் போனா. பாவாடை கட்டையாப் போயிருந்துச்சு, மடிப்பப் பிரிச்சு விட்டுத் தெச்சுக் கொடுத்தேன். தணிகாசலம் பொண்ணு கல்யாணத்துக்கு எட்டுக் குடும்பமும் ஒரே வேன்ல போனோம், குடும்பம் குடும்பமாப் பக்கத்துல பக்கத்துல ஒக்காந்து பந்தியில சாப்ட்டோம், பத்மாவதி புருஷன்தான் அன்னிக்கு முறை, அவனுக்கு எலையோட கட்டிக் கொண்டாந்தோம். இவ்வளவு சந்தோஷமா நாங்க அங்க இருந்ததே இல்ல.

ஐப்பசி மழையில வெடிப்பு தெரிஞ்சுச்சு. மொதல்ல தலைமுடி அளவுக்கு, ஓட்டைக்கு ஓட்ட ஒரு கோடு. அப்புறம் அதுல நகம் போச்சு, அப்புறம் வெரல் போச்சு. சன்னல் சாத்தினா மூடல, மூடின கதவு தெறக்கல, தரையில வச்ச எலுமிச்சம்பழம் தானா உருண்டு வாசலுக்கு வந்துச்சு. சொல்லியனுப்பினதுக்கு ஏஈ சார் இந்தத் தடவ ஒடனே வந்தாரு. ஓட்டைங்களப் பாத்துட்டு மூஞ்சி வெளுத்துப் போச்சு.

"யார்யா ஒடச்சது? இது பாரம் தாங்குற செவுருய்யா. தூணே கெடையாது, செவுரு மேலதான் கட்டடமே நிக்குது."

தணிகாசலம் கூட்டத்துக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டாரு.

"ஆளில்லாம விட்டா வீடு போயிடுது சார்"னு நான் சொன்னேன்.

"எந்த வீடும்மா போச்சு? எனக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கு"ன்னு வரைபடத்தக் காட்டினாரு. அதுல எட்டு வீடு, ரெண்டு பக்கமும் செவுரு. போறப்போ 'அபாயகரமான கட்டடம், உடனே காலி செய்யவும், மீறினால் நிர்வாகம் பொறுப்பல்ல'ன்னு ஒரு நோட்டீஸ் ஒட்டினாரு. எங்க போறதுன்னு அதுல எழுதல.

அன்னிக்கு சாயங்காலம் நடையில கூடிப் பேசினோம். ஓட்டைய அடச்சுடலாம், சிமிட்டு நான் வாங்கியாறேன்னு தணிகாசலம் சொன்னாரு. அடச்சா மறுபடியும் வீட்டுக்கு ஒரு ஆள் வேணும். வேலைய விடணும், புள்ளைங்கள நிறுத்தணும், சீக்காளிங்க மூச்ச எண்ணிக்கிட்டுக் கெடக்கணும். மழை முடியட்டும், தை பொறந்ததும் பாத்துக்கலாம்னு யாரோ சொன்னாங்க. அதுக்கு சரின்னவங்க கை தூக்குங்கன்னப்போ என் கைதான் மொதல்ல போச்சு. மோனிஷாவுக்கு அரைப் பரீட்சை வருதேன்னு நெனச்சேன். அத மட்டும்தான் நெனச்சேன்.

அடுத்த வாரம் எங்க முறை. மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு, எனக்கு சூப்பர்வைசர் லீவு தரல, அதனால மோனிஷாவ ஒக்கார வச்சுட்டுப் போனேன். பத்தரை மணி இருக்கும், பேஸின் தொடச்சுக்கிட்டு இருந்தப்போ லூர்தக்கா போன் பண்ணாங்க.

"நவநீதம், காலையில படார்னு ஒரு சத்தம். எல்லாரும் எறங்கிட்டாங்க. பிளாக்கே காலி. உம்பொண்ணு மட்டும்தான் மேல கீது."

"கூப்புடுங்கக்கா அவள."

"நான் போனேன்டி. படிக்கட்டுல நாலு பேரு குறுக்க நிக்கறாங்க, வுட மாட்றாங்க. நீ வா."

பஸ்ல வந்த ஒரு மணி நேரத்த எப்படிச் சொல்றதுன்னு தெரியல. முட்டியளவு தண்ணியில எறங்கி ஓடினேன், செருப்பு எங்க போச்சோ. பிளாக் முன்னாடி சனமெல்லாம் குடைக்கும் பிளாஸ்டிக் ஷீட்டுக்கும் அடியில, டிவிப் பொட்டியும் துணி மூட்டையுமா நின்னுக்கிட்டு, மூணாவது மாடிய அண்ணாந்து பாத்துக்கிட்டு இருந்துச்சு. கட்டடம் ஒரு பக்கமா சாஞ்சிருந்துச்சு, கண்ணுக்கே தெரியுது. எல்லாம் எனக்குத் தெரிஞ்ச மூஞ்சிங்க, என் பொண்ணுக்கு சோறு போட்டவங்க, காய்ச்சல்னா ரசம் வச்சுக் கொடுத்தவங்க. பத்மாவதி என்னைப் பாத்ததும் வாயப் பொத்திக்கிட்டு அழுதா. ஒருத்தரும் கெட்டவங்க இல்ல. ஆனா ஒருத்தரும் புள்ளையக் கூட்டிட்டு வான்னு சொல்லல.

தணிகாசலம் என் முன்னாடி வந்து நின்னாரு. மழைத் தண்ணி அவரு தாடியில வழிஞ்சுச்சு.

"வந்துட்டியாம்மா. மேல போயி புள்ளைக்குத் தொணையா இரு. தனியா பயப்படும். மழை வுட்டுடும், கட்டடம் நிக்கும், ஒண்ணும் ஆவாது."

படிக்கட்டுல நின்ன நாலு பேரும் எனக்கு வழி விட்டாங்க.

மேல ஏற ஏற கட்டடம் முனகுற சத்தம் கேட்டுச்சு. வெடிப்புல கையே போகும், அதுவழியா மழ தெரியுது. அஞ்சாம் நம்பர்ல, ஓட்டைங்க எல்லாம் நேராத் தெரியுற எடத்துல, என் பொண்ணு குண்டானத் தலையில கவுத்துக்கிட்டு, சன்னல் கம்பிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தா. ஒதடு நீலம் பூத்திருந்துச்சு.

"மோனி, எழுந்து வா."

"நான் வந்தா எட்டு வீடும் போயிடும்மா."

"போவட்டும், வா."

"நீ இருன்னு சொல்லிட்டுப் போனாங்கம்மா எல்லாரும். யாராவது ஒருத்தர் இருக்கணும்ல."

இழுத்தேன். கம்பிய விடல, பன்னெண்டு வயசுப் புள்ளைக்கு அவ்வளவு பலம் எங்கருந்து வந்துச்சோ தெரியல. கூரையிலருந்து ஒரு பாளம் விழுந்து குண்டான்ல பட்டு எகிறுச்சு. எனக்கு வேற வழி தெரியல.

"சரி, நான் இருக்கேன். நீ எறங்கிப் போ, லூர்தக்கா கையப் புடிச்சுக்க."

"நான் போனதும் நீ எழுந்து வந்துட மாட்டியே?"

"மாட்டேன்."

"சத்தியம் பண்ணு."

குண்டான எடுத்துட்டு அவ தலையில கைய வச்சேன். "உன்மேல சத்தியமா, இருப்பேன்"னேன்.

அவ கம்பிய விட்டா. குண்டான எடுத்து என் தலையில கவுத்து, சரியா இருக்கான்னு பாத்துட்டுப் போனா. அவ செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியா எறங்கறத எண்ணினேன். எண்ணிக்கிட்டே குனிஞ்சு ஓட்டைங்க வழியாப் பாத்தேன். பத்மாவதி வீட்டுத் தூளி காத்துல ஆடுது, தணிகாசலம் பொண்ணுக்கு வந்த சீர் அண்டா துணி சுத்தி அப்படியே இருக்கு, யாரோ அரைச்சு வச்ச மாவு பொங்கி வழியுது, என் வீட்டுல அவ யூனிஃபார்ம் கொடியில தொங்குது. எட்டுக் குடும்பத்தோட எல்லாமும் என் மூச்சுல நிக்குது. கீழ எட்டின செருப்புச் சத்தம் நின்னதும் நான் எழுந்தேன். எழுந்துட்டேன், அவ்வளவுதான், எனக்கு உயிர் வேணும்னு தோணுச்சு, என் பொண்ணு வளர்றதப் பாக்கணும்னு தோணுச்சு. குண்டானக் கீழ வச்சுட்டு ஓடினேன். பின்னாடி ஒரு சத்தமும் கேக்கல. நான் திரும்பிப் பாக்கல.

கீழ வந்தப்போ எல்லாரும் மேலதான் பாத்துக்கிட்டு இருந்தாங்க, நானும் பாத்தேன். மூணாவது மாடியில ஒரு கதவு இல்ல, ஒரு சன்னல் இல்ல, இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே செவுரு. அதோட ஓட்டைங்களும் போச்சு, வெடிப்பும் போச்சு, வெடிப்பு வழியா எங்க மாடி மூச்சுலயே நின்னுக்கிட்டு இருந்த மத்த மாடிங்களும் ஒவ்வொண்ணா மூடிக்கிட்டு வந்துச்சு. சாஞ்சிருந்த கட்டடம் ஒரு மூச்சு விட்ட மாதிரி நிமிந்துச்சு. ஒருத்தரும் என்னை அடிக்கல, வையல. மோனிஷாதான் லூர்தக்கா கைய ஒதறிட்டு என்கிட்ட வந்தா.

"இருக்கேன்னு சொன்னியேம்மா. என் தலையில கை வச்சு சொன்னியே"ன்னா. நான் அவளத் தூக்கிக்கிட்டேன், அவ என்னைக் கட்டிக்கல.

ரெண்டு வருஷமாச்சு. பதினாலாம் பிளாக் இப்ப மஞ்சப் பெயின்ட் அடிச்சு ஜோரா நிக்குது, புகாரே வராத கட்டடம்னு ஆபீஸ்ல எழுதி வச்சிருக்காங்களாம். எத்தனையோ மழை அடிச்சுச்சு, விழல. நாங்க எல்லாரும் சாக்கடை ஓரம் தகரக் கொட்டாய்ல இருக்கோம், ஆளில்லாம விட்டாலும் தகரம் தகரமாவே இருக்கு, அந்த ஒரு நிம்மதி. தண்ணி லாரி வரிசையில கொடத்த வச்சுக்கிட்டு தணிகாசலம் சம்சாரம் சண்டைக்கு இல்லாம, சாதாரணமாத்தான் சொல்லும், "விழலையே நவநீதம்." ஆமாக்கா, விழலன்னு நானும் சொல்லுவேன். ஒவ்வொரு மழைக்கும் இந்தத் தடவையாவது அது விழணும்னு சாமியக் கும்புடுறேன், ஆரோக்கியம் அண்ணன் உள்ள இருக்காருன்னு தெரிஞ்சே கும்புடுறேன். மோனிஷாவுக்குத் தலவலின்னா, ஒரு தும்மல்னா, என் கை வச்ச எடம்தான் வலிக்குதோன்னு அங்கயே தைலம் தேச்சு விடுவேன்.

அவ மறுபடியும் பள்ளிக்கூடம் போறா. போன ஆனியில டீச்சர் என்னைக் கூப்ட்டு அனுப்பினாங்க. "நல்லாத்தாம்மா படிக்கிறா. மணி அடிச்சு எல்லாப் புள்ளைங்களும் போனதுக்கப்புறம் இவ மட்டும் பெஞ்ச விட்டு எழுந்திருக்க மாட்டேங்குறா. யாராவது ஒருத்தர் இருக்கணும்ல டீச்சர்ங்கறா. வாட்ச்மேன் வந்து தூக்கி விட வேண்டியிருக்கு"ன்னாங்க.

நான் காலை ஷிப்ட்டுக்கு மாத்தி வாங்கிட்டேன். தெனமும் நாலு மணிக்குப் போறேன். காலி வகுப்புல, ரெண்டாவது பெஞ்சுல, பைய மடியில வச்சுக்கிட்டு அவ ஒக்காந்திருப்பா. நான் பக்கத்துல போய் ஒக்காருவேன். அவ என்னை ஒண்ணும் கேக்கறதில்ல, சத்தியமும் வாங்கறதில்ல, எழுந்து போவா. மைதானம் தாண்டி கேட்டுக்கிட்ட நின்னு திரும்பி சன்னலப் பாப்பா, என் தலை தெரியுதான்னு பாத்துட்டு, ரெண்டடி நடந்து, மறுபடியும் பாப்பா.

அவ தெருமுனை தாண்டினதும் எழுந்துடலாம்னு தெனமும்தான் நெனக்கிறேன், கால் வர மாட்டேங்குது. வாட்ச்மேன் சாவிக் கொத்தோட வந்து, "போம்மா, பூட்டணும்"னு வாசப்படியில நிப்பாரு. "உள்ள வாங்கண்ணா"ம்பேன். அவரு சலிச்சுக்கிட்டே ரெண்டு காலையும் உள்ள வச்சதுக்கப்புறம்தான் நான் எழுந்திருப்பேன். எனக்குப் பின்னாடி அவரு வெளிய வந்து பூட்டுறப்போ நான் திரும்பிப் பாக்கறதில்ல.